முதியவரின் எலும்பில் கட்டி: ராடு, ரேடியேஷன், ஊசி – எதை, எப்போது ஏற்பது?

அறுபது வயதைக் கடந்த ஒருவரின் தொடையெலும்பிலோ முதுகெலும்பிலோ பூச்சி அரித்தது போன்ற ஓர் இடம் எக்ஸ்ரே படத்தில் தென்பட்டால், குடும்பத்தின் முன் இரண்டு கேள்விகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. இது என்ன நோய் என்பது ஒன்று. இதற்கு என்ன செய்வது என்பது மற்றொன்று. கடலூரில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கேள்வியையே முதலில் கேட்கிறார்கள். "ராடு வைத்துவிடலாமா, கரண்ட் வைக்க வேண்டுமா, இந்த வயதில் இதெல்லாம் தாங்குமா?" ராடு என்பது எலும்புக்குள் செலுத்தும் உலோகத் தண்டு; கரண்ட் என்று மக்கள் சொல்வது ரேடியேஷனை. வலியால் துடிக்கும் தகப்பனாரை வீட்டில் வைத்துக்கொண்டு கேட்கும்போது அந்த அவசரம் இயல்பானதே. ஆனாலும் இந்த வரிசை தவறாகும்போது ஏற்படும் இழப்பு பெரிது என்பதாலேயே இதை எழுதுகிறேன். நோய் இன்னதென்று தெரிந்த பின்னரே எலும்பைத் தொட வேண்டும் என்பதும், தெரிந்த பிறகு வயதைக் கணக்கில் கொள்வதைவிட அவர் எதைத் திரும்பச் செய்ய விரும்புகிறார் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

பதின்ம வயதில் எலும்புக் கட்டி என்றால் எலும்பிலேயே பிறந்த ஆஸ்டியோசார்கோமா, யூயிங் சார்கோமா போன்றவை முதலில் நினைவுக்கு வரும். நாற்பதைக் கடந்தவரிடம் நிலைமை தலைகீழ். அங்கே மிகுதியாகக் காணப்படுவது வேறோர் உறுப்பில் தொடங்கி எலும்புக்குப் பரவிய புற்றுநோயே. மார்பகம், புராஸ்டேட் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய ஐந்தும் எலும்பை நாடிச் செல்வதில் முன்னிற்பவை. அடுத்து வருவது எலும்பு மஜ்ஜையில் தோன்றும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமா. நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமாவும், குருத்தெலும்பு வகையைச் சேர்ந்த காண்ட்ரோசார்கோமாவும் இவற்றுக்குப் பின்னால் வருகின்றன. இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. புராஸ்டேட்டிலிருந்து பரவியதற்கு ஹார்மோனை அடக்கினால் பல ஆண்டுகள் நடமாட்டத்தோடு வாழ்பவர்கள் உண்டு. மைலோமாவுக்கு மருந்தே முதன்மை. காண்ட்ரோசார்கோமாவோ கீமோவுக்கும் வழக்கமான ரேடியேஷனுக்கும் எளிதில் அசைந்து கொடுக்காது, சுற்றியுள்ள நல்ல திசுவோடு சேர்த்து முழுமையாக வெட்டியெடுப்பதொன்றே அதற்கு வழி.

நம் ஊரில் இன்னும் இரண்டு நோய்கள் இந்த வரிசைக்குள் வந்து குழப்புகின்றன. ஒன்று முதுகெலும்புக் காசநோய். காசநோய் பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்புகளையும் அவற்றுக்கு நடுவிலுள்ள வட்டையும் (டிஸ்க்) சேர்த்தே அரிக்கும். புற்றுநோய் முள்ளெலும்பைத் தின்றாலும் வட்டைப் பொதுவாக விட்டுவைக்கும். இது எம்.ஆர்.ஐ. படத்தில் உதவும் அடையாளமே அன்றி, முடிவான சான்று அன்று. மற்றொன்று எலும்புத் தேய்மானத்தால் முள்ளெலும்பு நசுங்குவது. எழுபது வயது மூதாட்டிக்கு முதுகுவலி என்றவுடன் "கால்சியம் குறைவு" என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் படுத்தாலும் குறையாத, இரவில் எழுப்பிவிடும் வலி, காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, முன்பு எப்போதோ புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற வரலாறு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அந்த விளக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. சாதாரண எக்ஸ்ரே தெளிவாக இருப்பதும் நிம்மதிக்குக் காரணமாகாது. எலும்பின் தாதுப்பொருளில் 30 முதல் 50 விழுக்காடு வரை போன பிறகே அரிப்பு எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும்.

இந்தக் கட்டத்தில் பலர் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதையோ நாட்டுக் கட்டுப் போடுவதையோ நாடுகிறார்கள். சாதாரணச் சுளுக்குக்கு அது எப்படியோ போகட்டும்; அரித்துப்போன எலும்பை அழுத்தி நீவினால் அது முறியக்கூடும். மருந்துக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும், வலிக்கும்போதெல்லாம் போட்டுக்கொள்ளும் ஊசிகளும் அதே அளவுக்கு ஆபத்தானவை. வலிக்குக் காரணம் மைலோமாவாக இருந்தால் சிறுநீரகம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும். அந்த மருந்து அதை டயாலிசிஸ் வரை தள்ளிவிடக் கூடும்.

இனி முதல் தெரிவுக்கு வருகிறேன். எக்ஸ்ரேயில் கட்டி தெரிந்ததும் மூன்று பாதைகள் உள்ளன: நேராக அறுவை செய்து ராடு வைத்து, அப்போது கிடைக்கும் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவது; முதலில் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்வது; இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேன்களையும் முடித்துவிட்டுப் பயாப்ஸிக்குப் போவது. மூன்றாவதே சரி என்பதற்கு வலுவான காரணம் உண்டு. எங்கிருந்து பரவியது என்றே தெரியாத எலும்புக் கட்டியோடு வந்த 40 பேரிடம் நடத்தி 1993-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோயாளியின் வரலாறு, உடல் பரிசோதனை, இரத்தச் சோதனை, மார்பு எக்ஸ்ரே, மார்பு-வயிறு-இடுப்பு சி.டி. ஸ்கேன், போன் ஸ்கேன் ஆகியவற்றோடு பயாப்ஸியும் சேர்ந்து 85 விழுக்காட்டினருக்கு நோயின் பிறப்பிடம் கண்டறியப்பட்டது. இதில் பயாப்ஸியால் கூடுதலாகப் பிறப்பிடம் தெரிந்தவர்கள் 8 விழுக்காட்டினர் மட்டுமே. பயாப்ஸி தேவையில்லை என்பது இதன் பொருளன்று. எந்த இடத்தில் ஊசி போட வேண்டும், எதைத் தேடிப் போட வேண்டும் என்பதை முந்தைய சோதனைகளே சொல்லிவிடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டாக, பண்ருட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 72, மூன்று மாதமாகத் தொடைவலி, தொடையெலும்பில் அரிப்பு. ஹீமோகுளோபின் 8, கிரியாட்டினின் 2.4, கால்சியம் 12. சில நாள்களாகத் தாகம், மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம். வீட்டிலுள்ளவர்கள் வயதின் மேல் பழியைப் போட்டிருப்பார்கள். எலும்பரிப்பு, இரத்தசோகை, சிறுநீரகத் தளர்ச்சி, கால்சியம் உயர்வு ஆகிய நான்கும் ஒன்றாக வந்தால் முதலில் நினைக்க வேண்டியது மைலோமா. சீரம் புரோட்டீன் எலெக்ட்ரோஃபோரெசிஸ், இம்யூனோஃபிக்சேஷன், லைட் செயின் ஆகிய இரத்தச் சோதனைகளும், இடுப்பெலும்பிலிருந்து எடுக்கும் மஜ்ஜைச் சோதனையும் செய்தால் தொடையைத் திறக்காமலேயே விடை கிடைத்துவிடும். கால்சியம் ஏறியிருப்பதும் அவசர நிலையே. சலைன் ஏற்றி அதை இறக்கினாலே தடுமாற்றம் தெளியக் காணலாம். இவருக்குப் போன் ஸ்கேன் மட்டும் எடுத்து "ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். போன் ஸ்கேன், எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முயலும் இடங்களையே காட்டும். மைலோமாவில் அந்த முயற்சியே முடக்கப்பட்டிருப்பதால் புண் பல நேரங்களில் படத்தில் ஏறுவதில்லை.

செலவைப் பார்த்தாலும் இந்த வரிசையே சிக்கனமானது. கழுத்தில் தைராய்டைத் தொட்டுப் பார்ப்பதற்கும் பெண்ணின் மார்பகத்தைக் கையால் பரிசோதிப்பதற்கும் செலவே இல்லை. இவ்விரண்டும் ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகும் செய்யப்படாமல் இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஆணுக்குப் புராஸ்டேட்டுக்கான இரத்தச் சோதனையான பி.எஸ்.ஏ., இருபாலருக்கும் இரத்த அணுக்கள், கால்சியம், கிரியாட்டினின், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என முதல் சுற்றை உள்ளூரிலேயே முடித்துவிடலாம்.

பயாப்ஸிக்கு வந்தால், ஊசி வழியாக எடுப்பதா, கத்தி வைத்துத் திறந்து எடுப்பதா என்பதைவிட யார் எடுப்பது என்பதே பெரிய கேள்வி. 1996-இல் வெளியான, 597 நோயாளிகளை உள்ளடக்கிய ஆய்வில், இறுதிச் சிகிச்சை தரும் மையத்தில் பயாப்ஸி செய்யாமல் வேறிடத்தில் செய்துவிட்டு அனுப்பப்பட்டவர்களிடம் பிழைகளும் சிக்கல்களும் 2 முதல் 12 மடங்கு வரை அதிகமாக இருந்தன. ஊசி சென்ற பாதை முழுவதும் நோயணுக்கள் சிந்தியிருக்கக்கூடும் என்பதால், பின்னர் வெட்டியெடுக்கும் அறுவையில் அந்தப் பாதையையும் சேர்த்து நீக்க வேண்டும். அறுவை செய்யப்போகிறவரே பாதையையும் தீர்மானிக்க வேண்டும் என்பது அதனால்தான். ஒற்றைக் கட்டியாக இருந்து, அது காண்ட்ரோசார்கோமாவாக அமைந்து, அதன் நடுவே ராடையும் செலுத்திவிட்டால், தொடையெலும்பு முழுவதும் நோய் பரவிவிடும். காலைக் காப்பாற்றும் வாய்ப்பே கைநழுவிப் போகலாம். எட்டாண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்றாலும், முதன்முறையாக எலும்பில் தோன்றிய ஒற்றைக் கட்டியைப் "பழைய நோய்தான்" என்று எண்ணி விட்டுவிடாமல் பயாப்ஸி செய்து உறுதிப்படுத்த வேண்டும். எடுத்த திசுவில் ஒரு பகுதியைக் காசநோய்க்கான சிபிநாட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். முழுவதையும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அது பயன்படாது.

எங்கே போவது என்பதிலும் தயக்கம் இருக்கிறது. எக்ஸ்ரே, இரத்தச் சோதனை, அல்ட்ராசவுண்ட், சி.டி. ஆகியவற்றைக் கடலூரிலேயே முடிப்பது முதியவருக்கு அலைச்சலைக் குறைக்கும். பயாப்ஸியிலிருந்து தொடங்கும் எல்லாவற்றையும், எலும்பு அறுவை, புற்றுநோய் மருத்துவம், ரேடியேஷன், நோய்க்குறியியல் ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் இயங்கும் இடத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. நமக்கு அருகில் அப்படி அமைந்திருப்பது புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை. அங்கே மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது உண்மை. எனினும் நான்கு துறையினரும் ஒரே கோப்பைப் பார்ப்பதன் பயன், வாய்தா நாள்களின் சிரமத்தைவிட மிகப் பெரியது. இடுப்பெலும்பில் அமைந்த காண்ட்ரோசார்கோமா போன்ற அரிதான, கடினமான அறுவைகளுக்கு 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையோ வேலூர் சி.எம்.சி.யையோ நாடுவது பொருத்தமாக இருக்கும். தனியார் மருத்துவமனை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் "இதுபோன்ற கட்டிக்கு இங்கே ரேடியேஷன் உண்டா, இல்லையென்றால் யாரோடு கலந்து பேசுவீர்கள்?" என்று அங்கே கேட்டுவிட்டு முடிவெடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், குறிப்பிட்ட சிகிச்சை அந்த மருத்துவமனையில் அதன்கீழ் வருகிறதா என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தொடையெலும்பில் அரிப்பு உள்ளவரைப் பேருந்தில் ஏற்றி அழைத்துச் செல்ல வேண்டாம். ஒரு பள்ளத்தில் பேருந்து குலுங்கினாலே எலும்பு முறிந்துவிடக் கூடும். நோய் இன்னதென்று தெரியும்வரை அந்தக் காலில் எடை விழாமல் வாக்கர் அல்லது சக்கர நாற்காலி, பயணத்துக்கு ஆம்புலன்ஸ்.

நோயின் பெயர் தெரிந்து, அது பரவிய புற்றுநோய் என்றோ மைலோமா என்றோ உறுதியான பிறகு, முறியும் முன்பே ராடு வைப்பதா, ரேடியேஷன் மட்டும் கொடுத்துக் காத்திருப்பதா என்ற கேள்வி எழும். இதற்கு 1989-இல் வெளியான மிரல்ஸ் மதிப்பெண் இன்றும் கைகொடுக்கிறது. கட்டி இருக்கும் இடம், வலியின் அளவு, எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா கெட்டிப்பட்டிருக்கிறதா என்பது, எலும்பின் குறுக்களவில் எவ்வளவு பங்கு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது ஆகிய நான்குக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் ரேடியேஷனும் கண்காணிப்பும் போதும். 9 அல்லது அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே ராடு வைப்பதே நலம். 8 என்பது மருத்துவரின் அனுபவத்துக்கு விடப்பட்டது. அடியெடுத்து வைக்கும்போதே சுளீரென்று வலித்து, இடுப்பு மூட்டை ஒட்டிய பகுதியில் எலும்பின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அரிக்கப்பட்டிருந்தால், எண்பது வயதானாலும் அறுவையைத் தள்ளிப்போடாமல் இருப்பதே கருணை என்பேன். முறிந்த பிறகு, வலியோடும் படுக்கையோடும் செய்யும் அவசர அறுவையைவிட, திட்டமிட்டுச் செய்யும் அறுவையை முதியவரின் உடல் நன்றாகவே தாங்கும். ரேடியேஷன் வலியைக் குறைக்குமே தவிர எலும்பை உடனே பலப்படுத்தாது. அது உறுதிபெற மாதங்கள் ஆகலாம்.

அறுவை என்று முடிவானால், தண்டுப் பகுதிக்கு நீளமான ராடும், பந்துமூட்டுக் கழுத்துப் பகுதிக்கு மூட்டு மாற்றும் பொதுவான தெரிவுகள். புற்றுநோய் அரித்த எலும்பு சாதாரண முறிவைப்போல ஒன்றுசேரும் என்று நம்பியிருக்க முடியாது. எனவே எலும்பு கூடாவிட்டாலும் அவர் ஆயுள் முழுவதும் எடையைத் தாங்கக்கூடியதாக, அறுவைக்கு மறுநாளே எழுந்து நிற்க அனுமதிப்பதாக அந்த ஏற்பாடு இருக்க வேண்டும். சிறுநீரகத்திலிருந்தோ தைராய்டிலிருந்தோ பரவிய கட்டிகள் அறுவையில் கடுமையாக இரத்தம் கசியும் என்பதால், முன்னதாகவே அவற்றுக்குச் செல்லும் இரத்தக்குழாயை அடைத்துவிடுவது வழக்கம். நோய் இன்னதென்று தெரியாமல் கத்தி எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ராடு வைத்த பிறகு, காயம் ஆறியதும் சில வாரங்களில் அந்த எலும்பு முழுவதற்கும் ரேடியேஷன் தர வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் பலருக்கும் இது சொல்லப்படுவதில்லை அல்லது மறந்துபோகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அதற்கான தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வலிக்காக மட்டும் ரேடியேஷன் என்றால், ஒரே முறை 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுப்பதா, 5 நாளில் 20 கிரேயா, 10 நாளில் 30 கிரேயா என்ற தெரிவு இருக்கிறது. அதிக நாள் கொடுத்தால் அதிகப் பயன் என்று தோன்றுவது இயல்பு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரே முறை கொடுத்தாலும் பல முறை கொடுத்தாலும் வலி குறைவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேரே. வலி முற்றிலும் நீங்குவோர் இரண்டிலும் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. வேறுபாடு ஓரிடத்தில்தான்: ஒரே முறை பெற்றவர்களில் நூற்றுக்கு 20 பேருக்கும், பல முறை பெற்றவர்களில் 8 பேருக்கும் அதே இடத்தில் மறுபடி ரேடியேஷன் தேவைப்பட்டது. கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகக் கோரிமேடு வரை பத்து நாள் போய்வருவதை ஒரு முதியவரின் முதுகெலும்பின் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். கூட வரும் மகனோ மகளோ பத்து நாள் கூலியையும் இழக்கிறார்கள். சிக்கலற்ற வலிக்கு ஒரே முறை என்பதே என் பரிந்துரை. மீண்டும் வலித்தால் மீண்டும் ஒருமுறை கொடுக்கலாம். ராடு வைத்த எலும்புக்குப் பெரும்பாலும் பல முறை கொடுப்பதே வழக்கம். எப்படியானாலும் முதல் இரண்டு மூன்று நாள் வலி கூடலாம், நிவாரணம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம் என்பதை முன்பே சொல்லிவிட்டால், "கரண்ட் வைத்தும் கேட்கவில்லை" என்று மனம் உடைந்து பாதியில் நிறுத்துவதைத் தவிர்க்கலாம்.

முதுகெலும்புக் கட்டி தண்டுவடத்தை அழுத்தத் தொடங்கினால் நாள்கணக்கு போய் மணிக்கணக்கு வந்துவிடும். கால்கள் தள்ளாடுதல், மரத்துப்போதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை தோன்றினால் அன்றே எம்.ஆர்.ஐ., அன்றே டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து. அந்த மருந்து சர்க்கரையை விறுவிறுவென ஏற்றும் என்பதால் நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலினும் கூடவே தேவைப்படும். 2005-இல் வெளியான ஆய்வில், அறுவையோடு ரேடியேஷன் பெற்றவர்களில் 84 விழுக்காட்டினரும், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காட்டினரும் நடக்க முடிந்தது. அதே தரவை வயதுவாரியாக 2009-இல் பகுத்தபோது, 65 வயதைக் கடந்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே முதுகெலும்பு நிலைகுலையாமல் இருந்து, ரேடியேஷனுக்கு நன்றாகக் கரையும் மைலோமா, லிம்ஃபோமா போன்றவையாகவும் இருந்தால், முதியவருக்குப் பெரிய அறுவையைத் தவிர்ப்பதில் தவறில்லை.

எலும்பைக் காக்கும் ஊசிகளில் ஸோலெட்ரானிக் அமிலமும் டெனோசுமாபும் இரண்டு தெரிவுகள். முன்னது இரத்தக்குழாய் வழியாக 4 மில்லிகிராம். மாதந்தோறும் போடுவதற்குப் பதில் 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டாலும் எலும்பு முறிவு போன்ற பாதிப்புகளைத் தடுப்பதில் குறைவில்லை என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. விலையும் குறைவு. சிறுநீரகம் மிகவும் நலிந்திருந்தால் அது ஆகாது. அப்போது தோலடியில் போடும் டெனோசுமாப் உதவும், ஆனால் அது கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக் கூடும். இரண்டுமே தாடையெலும்பு அழுகும் அரிய பக்கவிளைவைக் கொண்டவை என்பதால், பிடுங்க வேண்டிய பல்லை ஊசி தொடங்கும் முன்பே பிடுங்கி, புண் ஆறவிட வேண்டும். புராஸ்டேட் நோய்க்கு ஹார்மோனை அடக்க மாதக்கணக்கில் ஊசி போடுவதற்கும் விரைகளை அகற்றும் ஒரு சிறு அறுவைக்கும் நோயைக் கட்டுப்படுத்துவதில் வேறுபாடு இல்லை. தொடர்ந்து வர இயலாதவருக்கு அறுவையே எளிது. மனம் ஒப்புகிறதா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

அவரிடமே கேட்பது என்பதுதான் நம் வீடுகளில் நடப்பதில்லை. "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார்" என்று மகன் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அன்பினால் சொல்வது அது. ஆனால் எல்லாவற்றையும் தாங்கப்போகும் உடல் அவருடையது. கொல்லைப்புறம் வரை தானாக நடந்து போனால் போதும் என்று ஒருவர் நினைப்பார். பேத்தி திருமணம் வரை வலியில்லாமல் இருந்தால் போதும் என்று இன்னொருவர் சொல்வார். முன்னவருக்கு ராடு, பின்னவருக்கு ஒருமுறை ரேடியேஷனும் மாத்திரையும் என்று முடிவு மாறும். எழுபத்தெட்டு வயதில் வயலுக்குப் போய் வருபவரும், அறுபத்திரண்டு வயதில் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்து படுக்கையில் இருப்பவரும் ஒன்றல்லர் என்பதால், வயதை மட்டும் பார்த்துச் "செய்ய வேண்டாம்" என்பதும் "செய்தே தீர வேண்டும்" என்பதும் ஒரே அளவுக்குப் பிழையானவை.

அறுவையும் கீமோவும் வேண்டாம் என்று முடிவெடுப்பது சிகிச்சையைக் கைவிடுவதாகாது. வாய்வழி மார்ஃபின் வலியை அடக்குவதில் நம்பகமானது. புற்றுநோய் வலிக்காக முறையாகக் கொடுக்கும்போது அடிமையாகிவிடுவார் என்ற அச்சத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மருத்துவமனைகள் அதை வைத்திருப்பதும் எளிதாகியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள், 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வரும் வலிநிவாரணச் செவிலியரைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கியாக வேண்டும். கிரியாட்டினின் ஏறியிருப்பவருக்கு மார்ஃபின் உடலில் தங்கி மயக்கத்தைத் தரும் என்பதால், தோலில் ஒட்டும் ஃபென்டனில் வலிநிவாரணப் பட்டை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.